மதுரை–தூத்துக்குடி, ராஜபாளையம் சுற்றுவழி: ஒரு நாள் பயணத்தின் மதிப்புரை

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு நேர்வழி அருப்புக்கோட்டை மார்க்கம். நான்குவழிச் சாலை, சுமார் 150 கி.மீ., இரண்டரை மணி நேரம். வேலையாகப் போகிறவர்கள் அதில்தான் போக வேண்டும். ஒரு முழு நாளைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. திருமங்கலத்தில் மேற்கே திரும்பி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம் என்று வளைந்து போகும் வழி அது. மொத்தம் 225 கி.மீ. அளவில் வரும். கூடுதலாகும் எழுபத்தைந்து கி.மீ.க்குக் கிடைப்பவை பால்கோவா, கடலை மிட்டாய், மக்ரூன் ஆகிய மூன்றையும் பிறந்த ஊரிலேயே வாங்கும் வாய்ப்பும், தென்தமிழகத்தின் மிகச் சிறந்த கல்வேலைகளில் ஒன்றும்.

இந்த வழியில் போகிறவர்கள் பெரும்பாலும் கெடுத்துக்கொள்வது நேரத்தைத்தான். எல்லாக் கோயிலிலும் இறங்கி, எல்லாக் கடையிலும் நின்று, கழுகுமலைக்கு உச்சி வெயிலில் போய்ச் சேர்வார்கள். பாறை சுடும், பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள். நாளின் நடுத்தூண் கழுகுமலைதான். காலை ஒன்பதரைக்குள் அங்கே நிற்கும்படி மற்ற எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மதுரையை ஐந்தரைக்கு விட வேண்டும். ஏப்ரல், மே என்றால் ஐந்து மணி.

திருமங்கலம் வரை நான்குவழிச் சாலை. கப்பலூர் சுங்கச்சாவடி வரும். பிறகு டி.கல்லுப்பட்டி வழியாகக் கொல்லம் சாலை. இதில் நான்குவழி விரிவாக்கப் பணி நடந்து வந்திருப்பதால் பழைய பாதையும் புதிய பாதையும் மாறி மாறி வரும். கைபேசி வரைபடம் ஊரைத் தொடாத புதிய தடத்தில் இழுத்துக்கொண்டு போனால் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிய பிறகுதான் தெரியும். சேருமிடமாக ஊர்ப் பெயரைப் போடாமல் ஆண்டாள் கோயிலைப் போடுங்கள். பழைய சாலையில் உள்ளே கொண்டுபோய் விடும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏழு மணிக்குள் போய்விடலாம். பெரிய கோபுரத்தை வெளியே நின்று பார்ப்பதற்குக் காலை வெளிச்சமே நல்லது. தரிசனத்துக்கு உள்ளே போனால் ஒரு மணி நேரம் போகும், அதைக் கழுகுமலையிலிருந்துதான் கழிக்க வேண்டியிருக்கும். ஆண்டாளைச் சேவிக்கத்தான் வருகிறீர்கள் என்றால் அதைத் தனி நாளாக வைத்துக்கொள்வதே ஆண்டாளுக்கும் மரியாதை. ஆடிப்பூரத் தேரோட்டத்தை ஒட்டிய நாட்களில் ஊருக்குள் வண்டியே போகாது. அந்த வாரத்தில் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள்.

பால்கோவா விஷயத்துக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு பெயர்ப்பலகைகள் பெருகிவிட்டன. நெடுஞ்சாலை ஓரம் கல்லுப்பட்டியிலிருந்தே ‘ஒரிஜினல்’ தொடங்கிவிடும். அங்கே எதையும் வாங்க வேண்டாம். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில், பின்னால் அடுப்பு எரிகிற கடையைத் தேடுங்கள். கூட்டுறவுப் பால் சங்கத்தின் விற்பனையும் ஊரில் உண்டு.

செய்முறையில் இரண்டே பொருள்: பசும்பால், சர்க்கரை. பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ அளவில் சர்க்கரை போட்டு, அகன்ற இரும்பு வாணலியில் விறகடுப்பில் கைவிடாமல் கிளறி இறக்கினால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல் தேறும். கோவா தனியாகக் காய்ச்சிப் பிறகு சர்க்கரை கலக்கிற வேலை இல்லை இது. சர்க்கரை பாலோடு சேர்ந்தே கொதிப்பதால்தான் வெளிறிய பழுப்பு நிறமும் லேசான கருகல் மணமும் வருகின்றன. வெள்ளை வெளேரென்று இருந்தால் அவசரமாக இறக்கியது. அடர் பழுப்பாக இருந்தால் அடிபிடித்தது.

கொஞ்சம் கேட்டு வாங்கி விரலிடையே தேய்த்துப் பாருங்கள். மெல்லிய மணல்மணலாக உடைந்து, விரலில் நெய்ப்பசை மட்டும் நிற்க வேண்டும். கொழகொழவென்று ஒட்டினால் ஈரம் மிச்சம் இருக்கிறது, மூன்றாம் நாளே புளிக்கும். வழவழவென்று களிபோல் இருந்தால் மாவு சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுக்கு வந்தபின் துளி வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டுப் பாருங்கள். நீலமாக மாறினால், மாவு இருப்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்த தவறு பொட்டலத்தில் நடக்கும். சூடாகக் கிடைத்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் சூட்டோடு பிளாஸ்டிக் டப்பாவில் மூடினால் ஆவி வேர்த்து மேலே நீராக நிற்கும். பூஞ்சை பிடிப்பது அந்த நீரால்தான். ஆறியதை, தாள் விரித்த அட்டைப்பெட்டியில் கேளுங்கள். காரின் டிக்கியில் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கொழுப்பு உருகிப் பிரிந்து அடியில் தங்கிவிடும், பிறகு எவ்வளவு குளிர்வித்தாலும் பழைய பதம் திரும்பாது. முன் இருக்கையின் காலடியில், ஏசி காற்று படும் இடத்தில் வையுங்கள். வெளியே ஒரு வாரம் தாங்கும். அரை கிலோ போதும். நாள் முழுக்க இனிப்புக் கடைகள்தான் காத்திருக்கின்றன.

ராஜபாளையம் அங்கிருந்து பன்னிரண்டு கி.மீ. காலை உணவை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்து உட்கார்ந்து சாப்பிடும் வேளை பன்னிரண்டரைக்குத்தான். பெட்ரோலும் இங்கே நிரப்பிவிடலாம். பெண்களும் முதியவர்களும் உடன் வந்தால் கழிவறைக்கும் இதுவே இடம். கழுகுமலை வரை இவ்வளவு வசதி கிடைக்காது.

இங்கே ஒரு கிளைவழி. கிழக்கே எட்டு கி.மீ. அளவில் சத்திரப்பட்டி. மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். விசைத்தறிச் சத்தம் தெருவெல்லாம் கேட்கும், வெளுத்த துணி நீளநீளமாக வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். வெட்டுக்காயத்துக்குச் சுற்றும் சாதாரணத் துணிக்குப் பின்னால் ஓர் ஊரே உழைக்கிறது என்பதைப் பார்ப்பது நல்ல அனுபவம். ஆனால் காலை ஏழரைக்கு முன் ராஜபாளையம் சேர்ந்தால் மட்டும் போங்கள், இருபது நிமிடத்தில் திரும்பிவிடுங்கள். தறிக்கூடத்துக்குள் நுழையும் முன் அனுமதி கேளுங்கள். ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் துப்பட்டாவும் குழந்தைகளும் வேண்டாம்.

ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் முப்பது கி.மீ. சொச்சம், பேருந்துத் தடம், சாலை பரவாயில்லை. சில வரைபடங்கள் திருவேங்கடம் பக்கமாகக் குறுக்கே கிராமச் சாலைகளில் அனுப்பும். தூரம் குறைவாகத் தெரிந்தாலும் வேகத்தடைகளும் ஆட்டு மந்தைகளும் அந்த லாபத்தைத் தின்றுவிடும். சங்கரன்கோவில் வழியே போங்கள். சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா நடக்கும் சமயத்தில் மட்டும் திருவேங்கடம் வழி. சங்கரன்கோவில் ஆட்டுக்கறி பிரியாணி பேர்பெற்றது, உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் ஒன்பது மணிக்குக் கடந்து போகிறவர்களுக்கு அது கிடைக்காது. அதற்காகக் காத்திருப்பது இந்த நாளுக்குப் பொருந்தாது.

கழுகுமலை. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், ஒரு நிமிடமும் குறைக்காதீர்கள்.

ஊரின் அடையாளமாகக் கழுகாசலமூர்த்தி கோயில் இருக்கிறது; முருகன் குடைவரை. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் திறப்பார்கள். அதனால் மலையை முடித்துவிட்டுக் கோயிலுக்கு வரலாம் என்று நினைப்பவர்கள் பதினொன்றரைக்குள் இறங்கியாக வேண்டும். மலை மேல் இருப்பவை இரண்டு: வெட்டுவான் கோயில், சமணச் சிற்பங்கள். பலரும் முதலாவதைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பெரிய இழப்பு.

வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. பாறையைச் சுற்றிலும் சுமார் ஏழரை மீட்டர் ஆழத்துக்கு அகழி போல் வெட்டி இறக்கி, நடுவில் நின்ற ஒற்றைக் கல்லில் மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சாரம் கட்ட வேண்டியதில்லை, நின்ற தளமே இறங்கிக்கொண்டு வரும். ஆனால் உளி ஒருமுறை தவறினால் திருத்த வழியில்லை. வேலை முடியவில்லை. சிகரமும் விமானத்தின் மேற்பகுதியும் நகைவேலைபோல் முடிந்திருக்க, கீழே அடித்தளம் கரடாகவே நிற்கிறது. முடியாமல் போனதால்தான் வேலை எந்த வரிசையில் நடந்தது என்று கண்ணால் படிக்க முடிகிறது. எங்கே வரை மெருகு, எங்கே வரை உரு, எங்கே வெறும் உளித்தடம் என்று மேலிருந்து கீழே பார்வையை இறக்கிக்கொண்டு வாருங்கள்.

பார்க்கும் முறை முக்கியம். முதலில் உள்ளே இறங்காதீர்கள். பாறையின் மேல்விளிம்பில் ஒரு சுற்று வாருங்கள். சிகரம் கண்மட்டத்தில் கிடைக்கிற கோயில் வேறெங்கே இருக்கிறது? கிழக்கே உமையும் சிவனும் பேசிக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். தெற்கே தட்சிணாமூர்த்தி, மௌனகுருவாக இல்லாமல் மத்தளம் வாசிப்பவராக. இந்த ஒரு சிற்பத்துக்காகவே வண்டியைத் திருப்பலாம். மேற்கே நரசிம்மர், வடக்கே பிரம்மா. விளிம்பில் தடுப்பு இல்லாத இடங்களில் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் பாசி வழுக்கும்.

அடுத்தது சமணர் பகுதி. பாறை முகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், சிறிதும் பெரிதுமாக நூற்றைம்பது அளவில். பார்சுவநாதருக்கு மேலே பாம்புக் குடை, கொடி சுற்றிய பாகுபலி, சிங்கத்தோடு நிற்கும் அம்பிகை ஆகிய மூன்றையும் முதலில் அடையாளம் கண்டுகொண்டால் மற்றவை எளிதாகிவிடும். பலவற்றின் கீழும் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் யார் செய்வித்தது என்று பொறித்திருக்கிறார்கள். குரவர்கள் மட்டுமல்லாமல் குரத்தியரும் அதில் வருகிறார்கள். பெண் ஆசிரியர்கள் இருந்து கற்பித்த இடம் இது. சிற்பத்துக்குக் கீழே ஓடும் அந்த எழுத்து வரிகளைப் பலர் பாறைக் கீறல் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள், சிலர் அதன் மேலேயே கைவைத்துச் சாய்ந்து நிற்கிறார்கள். தொடாதீர்கள். சுண்ணாம்புக்கட்டி, மாவு பூசிப் படம் எடுப்பதும் கூடாது. பக்கவாட்டில் கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் நிழலோடு எழுந்து தெரியும்.

எடுத்துப்போக வேண்டியவை: ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, தடித்த காலுறை. செருப்பைக் கழற்ற வேண்டிய இடத்தில் பத்தரைக்கு மேல் பாறையில் வெறுங்கால் வைக்க முடியாது.

கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி இருபத்திரண்டு கி.மீ. இரு பக்கமும் கரிசல் நிலம். இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். படம் எடுக்கவோ நிழலுக்கோ வண்டியைத் தார்ச்சாலையிலிருந்து மண்ணில் இறக்குகிறவர்கள், முந்தைய இரண்டு நாளில் மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு இறக்குங்கள். கரிசல் மண் நனைந்தால் உப்பி, பிசின்போல் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு மட்காட்டை அடைத்துவிடும். முறுக்கினால் இன்னும் புதையும். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். அறுவடைக் காலத்தில் சாலையிலேயே ஒரு பக்கம் சோளமும் உளுந்தும் மல்லியும் மிளகாய் வற்றலும் காயும். அதன் மேல் ஏற்றாமல் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போங்கள். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் அங்கே விரிந்து கிடக்கிறது. இரு சக்கர வண்டியில் காய்ந்த உளுந்து நெற்று மேல் பிரேக் போட்டால் வழுக்கிவிடும்.

கோவில்பட்டியில் மதிய உணவு, பிறகு கடலை மிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. பொன்னம்பல நாடார் 1940-களில் வெல்லப்பாகில் செய்து விற்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த தொழில். கரிசல் காட்டு நிலக்கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று ஊர்க்காரர்கள் மூன்றையும் சேர்த்தே சொல்வார்கள்.

நல்ல மிட்டாயைக் காதால் கண்டுபிடிக்கலாம். உடைத்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும், வளைந்து பிறகு உடைந்தால் பாகு பதம் வரவில்லை. பாகைத் தண்ணீரில் விட்டு, எடுத்துத் தட்டினால் சத்தம் கேட்கும் பதத்தில் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் தேய்த்துச் சூடு ஆறும் முன் வெட்டுவார்கள். பதம் முந்தினால் பல்லில் ஒட்டும், பிந்தினால் கசக்கும். கடலையைப் பாதியாக உடைத்து முளைக்குருத்தை நீக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதை விட்டுவைத்தால் கடைசியில் ஒரு கசப்பு நாக்கில் நிற்கும். மிட்டாய் மின்னினால் தரம் என்று நினைக்க வேண்டாம். திரவ குளுக்கோஸ் பளபளப்பைத் தரும், கொஞ்சம் சேர்ப்பது வழக்கமும்கூட. அளவு மீறினால் இரண்டே நாளில் பிசுபிசுக்கும். முகர்ந்து பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் கடலை பழசு. மேலே வண்ணத் தேங்காய்த் துருவல் தூவியது பார்க்க அழகு, வைத்துச் சாப்பிட ஏற்றதல்ல, வெறுமையானதை வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு மாதம் நிற்கும்.

ஊருக்குள் எழுத்தாளர் கி.ராஜநாராயணன் நினைவரங்கம் இருக்கிறது. அவருடைய சொந்த ஊரான இடைசெவல், கயத்தாறு சாலையில் பக்கம்தான். இன்னும் தெற்கே போனால் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு. இடைசெவலும் கயத்தாறும் சேர்த்தால் போகவர ஒன்றரை மணி நேரம். கையில் அந்த நேரம் இல்லையென்றால் இதை விட்டுவிட்டு எட்டயபுரத்துக்கே போங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய்க் காற்று கயத்தாறுப் பக்கம் குறுக்கே அறையும். காற்றாலைகள் அங்கே நிற்பதற்குக் காரணமே அதுதான். பைக்கில் போகிறவர்கள் லாரியை முந்தி வெளியே வரும் நொடியில் கைப்பிடியை இறுக்கிப் பிடியுங்கள்.

எட்டயபுரம் சின்ன ஊர், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பேரைப் பார்க்கலாம். 1882-இல் பாரதி பிறந்த வீடு; 1947-இல் ராஜாஜி திறந்துவைத்த பாரதி மணிமண்டபம்; கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் சமாதி; சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கிய இடம். பாரதிக்கு வருகிறவர்கள் மற்ற இருவரையும் அறியாமலே போய்விடுகிறார்கள். ஊருக்குள் ஆட்டோ நிறுத்தத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். மாலை நான்குக்குள் வந்துவிடுங்கள். வீட்டில் அவ்வப்போது பராமரிப்பு வேலை நடக்கும், மூடியிருந்தால் மணிமண்டபத்தை முதலில் பாருங்கள்.

அங்கிருந்து தூத்துக்குடி வரை நான்குவழிச் சாலை. மார்ச் முதல் ஜூன் வரை பனங்காட்டு ஓரங்களில் நுங்கும் பதநீரும் விற்பார்கள். நுங்கை எந்த நேரமும் வாங்கலாம். பதநீரை மாலையில் வாங்காதீர்கள். கலயத்தில் பூசிய சுண்ணாம்புதான் புளிப்பதைத் தள்ளிப்போடுகிறது. வெயில் ஏற ஏற அது தோற்றுப்போகும். நுரை எழும்பி, புளித்த வாடை வந்தால் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். குறுக்குச்சாலையில் மேற்கே திரும்பினால் வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரமும், அதையொட்டிக் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியும். இப்போது அங்கே நிற்கும் கோட்டை 1974-இல் எழுப்பிய நினைவுக் கட்டடம். பழைய கோட்டையை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

தூத்துக்குடியில் முதல் வேலை மக்ரூன் வாங்குவது அல்ல, பரோட்டா சாப்பிடுவது. பொரித்த பரோட்டாவைச் சால்னா ஊற்றிய உடனே சாப்பிட வேண்டும், பார்சல் கட்டினால் நமத்துவிடும். மக்ரூனை ஊரை விட்டுக் கிளம்பும்போது கடைசியாக வாங்குங்கள். முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரித்தூளும் கலந்து கூம்பு கூம்பாக இட்டு, அடுப்பின் இளஞ்சூட்டில் நெடுநேரம் உலர வைப்பது. சூடு ஏறினால் மஞ்சளாகும். நன்றாக உலர்ந்தது தந்த நிறத்தில், கையில் எடை தெரியாமல், வாயில் வைத்ததும் கரையும். கடற்காற்றின் ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும் என்பதால் திறந்த தட்டில் வைத்து விற்பதை வாங்காதீர்கள், டின்னிலிருந்து எடுத்து நிறுத்துத் தருகிற பேக்கரிதான் சரி. முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பரிசாகக் கொடுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். சீட்டின் மேல் தனியாக வையுங்கள். மேலே கடலை மிட்டாய்ப் பெட்டி ஏறினால் வீடு சேரும்போது தூள்தான் மிஞ்சும்.

திரும்புவது அருப்புக்கோட்டை நேர்வழியில். துறைமுக லாரிகள் இரவில் அதிகம், சில பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும். இடது தடத்தில் வேகம் வேண்டாம். ஓட்டுநர் ஒருவரே என்றால் இரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். அப்படித் தங்கினால் விடியலில் தருவைக்குளம் பக்கம் உப்பளங்களைப் பார்க்கலாம். வரப்பில் மட்டும் நடங்கள், பாத்திக்குள் கால் வைத்தால் உப்பு அழுக்காகும், அன்றைய வாரல் கெட்டுவிடும்.